கோழிக்கு நெஞ்சு பார்த்த ஞாயிற்றுக்கிழமை

எனக்கு இந்தத் தைக்கு எண்பத்து நான்கு வயது முடிகிறது. வளர்த்தது ஏழு பிள்ளைகள். பெற்றது ஆறுதான். ஏழாவது, என் நாத்தனார் "ரெண்டு நாளைக்குப் பார்த்துக்கங்க அண்ணி" என்று விட்டுவிட்டுப் போனது. கல்யாணம் கட்டிக்கொண்டு போகிறவரைக்கும் அது என்னோடுதான் இருந்தது. ஏழில் ஒன்றுகூட இன்றைக்கும் என் முன்னால் குரலை உயர்த்திப் பேசாது. பேசிப் பார்க்கட்டும்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. பெயரை எழுதுவேன், பஸ்ஸில் இருக்கிற ஊர்ப் பெயரை வாசிப்பேன். அதற்கு மேல் எழுத்து என்னோடு ஒத்துப்போகவில்லை. ஆகையால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் புத்தகத்துக்கு நன்றாக இராதாம், அவள் படித்த தமிழில்தான் எழுதுவாளாம். எழுதட்டும். சொல்லாததைச் சேர்க்கக் கூடாது, சொன்னதை விடக் கூடாது. அவ்வளவுதான் என் பேச்சு.

நான் மலைநாட்டில் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, ரயில் நிற்கிற ஒரு சின்ன டவுனுக்கு வாழ்க்கைப்பட்டவள். எந்த டவுன் என்று சொல்ல மாட்டேன். இதில் வருகிறவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள், நாளைக்கு நான் அங்கே சாமான் வாங்கப் போக வேண்டும். சுதந்திரம் கிடைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. தோட்டங்களில் துரைமார் இன்னும் குதிரையில் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

ரயில்வே கூட்செட்டுக்குப் பின்னால் எங்கள் லயம். தோட்டத்து லயம் மாதிரியேதான்; ஒரே தகரக் கூரை, வரிசையாகக் காம்பரா, ஒருவர் வீட்டில் தாளித்தால் எல்லார் வீட்டிலும் தும்மல். என் வீட்டுக்காரர் கூட்செட்டில் மூட்டை தூக்கினார். நான் முஸ்லிம் நானா ஒருவரின் கடைப் பின்கட்டில் காய்ந்த செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளினேன். மற்றவர்கள் தெருக் கூட்டுகிறவர்கள், பேக்கரியில் மா பிசைகிறவர்கள். எல்லாரும் தோட்டத்து வேலைக் கணக்கில் பேர் வெட்டிக்கொண்டு வந்தவர்கள்தான். தோட்டத்தில் இருந்தவரைக்கும் காய்ச்சல் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரி இருந்தது. டவுனுக்கு வந்த பிறகு அதுவும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏற வேண்டும்.

என் நாலாவது பையனுக்கு அப்போது இரண்டு வயது. மழை தொடங்கினால் அவனுக்கு இழுப்பும் தொடங்கிவிடும். ராத்திரி முழுக்க அவனைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நெஞ்சு விசில் அடிக்கும். ஒருமுறை அந்தப் பஸ்ஸில் கொண்டுபோனேன். குளிர்காற்றில் அவன் உதடு நீலம் பாரித்துவிட்டது. அதற்குப் பிறகு பஸ் சத்தம் கேட்டாலே அவனைக் கம்பளியோடு சேர்த்து இறுக்கிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் புதிய ஸ்டேஷன் மாஸ்டர் மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் சம்சாரம் டாக்டருக்குப் படித்தவர். பிள்ளைகள் சின்னது என்று வேலைக்குப் போகாமல் இருந்தார். ஆனால் படித்த கை சும்மா இருக்குமா? டவுன் சபைக்காரர்களிடம் பேசி, சந்தைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஓர் அறையை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்து ஜனங்களுக்கு இலவச வைத்தியம். மருந்து இலவசம், பார்க்கிறது இலவசம், போத்தல் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். ஜனங்கள் கொண்டுவந்த போத்தல்களைப் பார்த்திருக்க வேண்டும். சாராயப் போத்தல், மண்ணெண்ணெய்ப் போத்தல், ஒருவர் செண்டுப் போத்தல். டாக்டரம்மா ஒவ்வொன்றையும் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்து, "இதைக் கழுவிக்கொண்டு வாங்கோ, இல்லாட்டி மருந்தைவிடப் போத்தல்தான் வேலை செய்யும்" என்பார்.

முதல் ஞாயிறே பையனைத் தூக்கிக்கொண்டு போனேன். அவன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"எப்ப தொடக்கம் இழுக்குது?"

"மழை புடிச்சதிலேருந்துங்க டாக்டரம்மா."

"நெஞ்சுக்குள்ள புறா வளக்கிறான் போல. ஒவ்வொரு ஞாயிறும் கொண்டு வாங்கோ. மழைக்காலம் முடியுமட்டும் ஒண்டையும் விடக் கூடாது. இடையில விட்டீங்களெண்டால், பிறகு இழுப்பு இவனை லேசில விடாது. விளங்கினதோ?"

விளங்கியது. மருந்தும் கைக்கு வந்தது. நான் மடியிலிருந்து வெற்றிலை பாக்கையும் இரண்டு முட்டையையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

"இதென்ன?"

"வச்சுக்கங்க."

"இஞ்ச ஒண்டும் வாங்கிறேல்லை அம்மா. சபைக்காரர் அறை தந்ததே அந்தச் சொல்லிலதான். ஒரு கத்தரிக்காய் வாங்கினாலும் பூட்டுப் போட்டிடுவினம். கொண்டுபோங்கோ."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நான் என்ன, தட்டேந்திக்கொண்டா வந்தேன்?

இதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். மருந்து கொடுக்கிறவர் கையில் ஏதாவது வைக்காமல் வாங்கினால் அந்த மருந்து பலிக்காது. எங்கள் தோட்டத்தில் பாம்புக்கடிக்குப் பார்க்கிறவருக்கு வெற்றிலை பாக்கு. பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவச்சிக்குச் சேலை. சுளுக்கு எடுக்கிறவருக்கு ஒரு சுருட்டு. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா சம்பளம் வாங்குகிறவர், அவர் வீட்டுக்குக்கூடப் பூசணிக்காய் போகும். அது மருந்துக்கு விலை இல்லை. மருந்துக்கும் உடம்புக்கும் ஒரு சொந்தம் பிடித்து வைக்கிறது. இது லயத்தில் எல்லாருக்கும் தெரியும். டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தருவதில்லை போலிருக்கிறது.

வாசலுக்கு வந்து மழையில் கொஞ்சம் நின்றேன். பிறகு, "போத்தல் மூடியை விட்டுட்டேன்" என்று திரும்ப உள்ளே போனேன். பிள்ளைகளை நிறுக்கிற தராசு ஒன்று மூலையில் இருந்தது. அதன் தட்டில் மெத்தென்று வெள்ளைத் துணி மடித்துப் போட்டிருந்தார்கள். முட்டை உடையாமல் இருக்க அதைவிட நல்ல இடம் ஏது? துணிக்கு அடியில் இரண்டையும் வைத்துவிட்டு நிம்மதியாக வந்தேன். வந்த கையோடு பையனுக்கு மருந்தைக் கொடுத்தேன். அன்று ராத்திரி அவன் தூங்கினான். நானும் தூங்கினேன். பலிக்குமா பலிக்காதா என்று இனி யாரும் என்னிடம் பேச வர வேண்டாம்.

எனக்குப் பிறகு அந்தத் தராசில் ஏற்றினது பேக்கரிக்காரர் வீட்டுக் கொழுத்த பிள்ளையை. கீழே மஞ்சளாக வழிந்ததைப் பார்த்து அதன் தாய், "ஐயோ, புள்ளைக்கு வயித்தால போவுதுங்க" என்று அலறினாளாம். டாக்டரம்மா குனிந்து பார்த்து, "பயப்பிடாதேங்கோ, இது பிள்ளை போட்டதில்லை, கோழி போட்டது" என்றாராம்.

என் பையன் தேறின கதை லயம் முழுக்கப் பரவியது. எப்படி என்று கேட்டார்கள், சொன்னேன். அதுவரைக்கும் வாங்கிவந்த மருந்தைக் குடிக்காமல் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தவர்கள்கூட, அடுத்த ஞாயிறு மடியில் எதையாவது கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். டாக்டரம்மா குடையை விரித்தால் அவரைக்காய் கொட்டியது. கைப்பைக்குள் கருவாடு. பஞ்சுப் பெட்டியில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவர் யாரைத் திட்டுவது? எல்லாரும் மழையில் நனைந்த பூனை மாதிரி உட்கார்ந்திருப்போம்.

"டாக்டரம்மா வூட்டுல ஒலை வச்சுட்டு வந்தா போதும் புள்ள, மிச்சத்தை நீங்க பாத்துக்குவீங்க" என்பார் என் வீட்டுக்காரர்.

எனக்கு அடுத்த காம்பராவில் ஒரு கிழவி. சொந்தமில்லை, ஆனால் லயம் முழுக்க அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். கொழுந்து எடுக்கிற காலத்தில் அட்டை கடித்த இடம் புண்ணாகி, வருடக் கணக்காக ஆறாமல் இருந்தது. டாக்டரம்மா ஒவ்வொரு வாரமும் அந்தக் காலைத் தம் மடிக்குப் பக்கத்தில் வைத்துக் கழுவிக் கட்டுவார். ஒரு ஞாயிறு, யாரோ மகராசி டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டுப் பைக்குள் செத்தல் மிளகாயைப் போட்டுவிட்டாள். காம்பு கிள்ளாத மிளகாய், ஆகையால் அது நான் இல்லை. டாக்டரம்மா பென்சில் எடுக்கப் பைக்குள் கையை விட்டார். பிறகு கண்ணைக் கசக்கினார். பிறகு பெரியம்மாவின் காலைப் பார்த்தபடி பொலபொலவென்று கண்ணீர் விட்டார்.

பெரியம்மா வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு! டாக்டரம்மாவே அழுவுறாங்க. என் காலை எடுத்துருவாங்கடி!"

"பெரியம்மா, அது மொளகா. கண்ணுல பட்டுருச்சு."

"நீ சும்மா இரு. பெத்த மவ அழுவல எனக்காக. இவங்க அழுதாங்க."

கடைசி வரைக்கும் அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கால் ஆறினால் டாக்டரம்மாவுக்கு ஒரு கோழி என்று அங்கேயே நேர்ந்துகொண்டார். கால் ஆறவும் தொடங்கியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காரியத்தைக் கெடுத்தவர் சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருந்தவர். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலிருந்து வாரக்கணக்காக யாரும் மரக்கறி வாங்க வரவில்லை என்பது அவர் மனத்தில் முள்ளாகக் குத்தியிருக்கிறது. நேராகச் சபைக்குப் போய், இலவசம் என்று போர்டு போட்டுவிட்டு டாக்டரம்மா நோயாளிகளிடம் காய்கறி வாங்குகிறார் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு டாக்டரம்மா என்னை மட்டும் நிறுத்திவைத்தார். பையன் அவர் மடியில் குழாயை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"வாற கிழமை சானிட்டரி மாத்தயா பாக்க வாறாராம். அவற்ற கண்ணில ஒரு பச்சை மிளகாய் பட்டாலும் இந்த அறை பூட்டு. எனக்கொண்டுமில்லை, நான் வீட்டில இருப்பன். இவன்ர நெஞ்சு இப்பதான் வழிக்கு வருது. மழை முடிய இன்னும் கனநாள் கிடக்கு. நீங்கள்தானே இதைத் தொடக்கினது?"

"நானுங்களா?"

"தராசில முட்டை வைச்சது ஆர்?"

நான் பையனை வாங்கிக்கொண்டேன். அந்தப் பஸ்ஸும் அவனுடைய நீல உதடும் என் கண் முன்னால் வந்து நின்றன.

அந்த வாரம் ஒவ்வொரு காம்பராவாகப் போனேன். "வர்ற ஞாயித்துக்கெழம ஒருத்தரும் ஒன்னும் கொண்டு வரப்படாது. வெறுங்கையோட வாங்க. கொண்டு வந்தீங்க, அப்புறம் பைப்பில எனக்குப் பின்னாலதான் தண்ணி புடிப்பீங்க." அந்த மிரட்டல் போதும். எல்லாரும் தலையாட்டினார்கள். பெரியம்மாவும் ஆட்டினார். "காய்கறி ஒன்னும் கொண்டு வர மாட்டேன்டி" என்றார். அவர் சொன்ன சொல்லை நான் அங்கேயே பிடித்திருக்க வேண்டும்.

அந்த ஞாயிறு நாங்கள் போனபோது சானிட்டரி மாத்தயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சபையின் சுகாதாரப் பகுதிக்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். காக்கிக் கால்சட்டை, பெரிய மீசை. கக்கூசு நாறினால் வந்து சத்தம் போடுகிறவர். சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார், கோபம் வந்தால் திரும்பச் சிங்களத்துக்குப் போய்விடுவார். டாக்டரம்மாவின் குடையை விரித்துப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. பஞ்சுப் பெட்டியில் பஞ்சுதான் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அப்போது பெரியம்மா உள்ளே வந்தார், கம்பளியைக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு. வயிறு நிறைமாதக்காரி மாதிரி முன்னால் தள்ளியிருந்தது. அவர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்ததும் கம்பளி, "கொக்" என்றது.

"பெரியம்மா, என்னா இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

"கால் ஆறிருச்சுடி. நேந்தது நேந்ததுதான். மாத்தயா வர்றாருன்னு சாமி தள்ளிப் போடுமா?"

கம்பளி மறுபடியும் "கொக், கொக்" என்றது. நான் இருமினேன். அந்தப் பக்கத்தில் இருந்தவளும் விளங்கிக்கொண்டு இருமினாள். கொஞ்ச நேரத்தில் பெஞ்சு முழுக்க இருமியது. வயிற்றுவலிக்கு வந்தவர்களும் இருமினார்கள், பல்வலிக்கு வந்தவரும் இருமினார்.

சானிட்டரி மாத்தயா எழுந்துவிட்டார். "மொகத மே? என்ன இது, டாக்டர் நோனா? எல்லாருக்கும் இருமல்தானே? டவுன் புல்லா பரவினா நான் என்ன செய்றது?"

டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் இன்னும் பலமாக இருமினேன்.

எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் என் மடியில் இருந்தவன், எவன் நெஞ்சுக்காக இத்தனையும் நடந்ததோ அவன், கையை நீட்டிக் கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த சிவப்புக் கொண்டையைக் காட்டி, "கோயி!" என்றான். அன்றைக்கு முந்தி அவன் அம்மா என்றுகூடத் திருத்தமாகச் சொன்னதில்லை.

கோழி வெளியே பாய்ந்தது. மருந்து மேசையில் ஏறி, பல்வலிக்காரர் தலையில் கால் வைத்து, நேரே போய்ப் பிள்ளைகளை நிறுக்கிற தராசில் உட்கார்ந்தது. எந்தப் பிள்ளையும் அந்தத் தராசில் அவ்வளவு அடக்கமாக உட்கார்ந்ததில்லை. முள் ஆடி நின்றது. இருமலும் நின்றது.

"காகெத கிகிளி?" என்றார் மாத்தயா. முழுக்கச் சிங்களத்துக்குப் போய்விட்டார். பிறகு தமிழுக்குத் திரும்பினார். "யாருடைய கோழி? யாருக்குக் கொடுக்க வந்தது?"

பெரியம்மா வாயைத் திறந்தார். திறந்தால் உள்ளதைத்தான் சொல்வார். அதற்குள் நான் எழுந்தேன்.

"என்னோட கோழிங்க மாத்தயா. குடுக்க வரல. காட்ட வந்துச்சு."

"காட்ட?"

"கோழிக்கு இழுப்புங்க. ராவெல்லாம் நெஞ்சு கத்துது. புள்ளைக்கு ஒட்டிக்கிட்டா என்னா பண்ணுறது? அதான் டாக்டரம்மாகிட்டக் காட்டலாமுன்னு."

டாக்டரம்மா பொய் சொல்லாதவர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் ஒரு சொல் சொன்னால் அறைக்குப் பூட்டு. அவர் என் பையனைப் பார்த்தார். பிறகு காதில் குழாயை மாட்டிக்கொண்டு தராசுக்குப் போனார். கோழியின் நெஞ்சில் வைத்தார். இந்தப் பக்கம் கேட்டார், அந்தப் பக்கம் கேட்டார். செட்டையைத் தூக்கிக் கீழேயும் கேட்டார்.

"நெஞ்சு சுத்தமாயிருக்கு" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சானிட்டரி மாத்தயாவின் மீசை இரண்டு பக்கமும் ஆடியது. சிரிக்கிறாரா கோபிக்கிறாரா என்று தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நோனா, கோழிக்கும் பார்க்கிறதானே. என் தோளையும் ஒருக்கா பாருங்க. கை தூக்க ஏலாது" என்றார்.

டாக்டரம்மா பார்த்தார். கையை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி, பூசுகிற மருந்து கொடுத்து, எப்படித் தேய்ப்பது என்று சொன்னார். மாத்தயா மருந்தைக் கையில் வாங்கினார். வாசல் வரைக்கும் போனார். நின்றார். திரும்பி வந்தார். மறுபடியும் வாசலுக்குப் போனார். அந்த நடை எங்களுக்குத் தெரிந்த நடை. சிங்களவர்களும் வைத்தியரிடம் வெற்றிலை கொடுத்துக் கும்பிட்டுத்தான் மருந்து வாங்குவார்கள். வெறுங்கையோடு வாங்கின மருந்து அவர் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் கால்சட்டைப் பையிலிருந்து தம் வெற்றிலைச் சுருளை எடுத்து, மேசை ஓரத்தில் மெல்ல வைத்தார்.

டாக்டரம்மா விடவில்லை. "மாத்தயா, இஞ்ச ஒண்டும் வாங்கக் கூடாதெண்டு நீங்கள்தானே..."

"வாங்க வேணாம் நோனா, வாங்க வேணாம்" என்றார் அவசரமாக. "நான் கொடுத்த இல்ல. நான் மறந்து போன." பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். "இந்த டவுன் ஆளுங்களுக்கு ஞாபக மறதி கூட. சபைக்கு நான் அப்படித்தான் சொல்லுவேன். மறக்கிறதுக்குச் சட்டம் இல்லைதானே?"

அவர் போய் மறைகிறவரைக்கும் பொறுத்திருந்துவிட்டு அந்த அறை சிரித்த சிரிப்பு ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எங்கோழிக்கு இழுப்புன்னு எப்படிடி சொல்லுவ?" என்று என்னோடு சண்டைக்கு வந்தார்.

அறை பூட்டப்படவில்லை. டாக்டரம்மா மறந்துபோகிற சாமானுக்கென்று வாசலில் ஒரு கூடை வைத்தார். அதில் சேர்ந்ததையெல்லாம் போட்டு, பின்பக்கத்தில் ஒரு பெரிய சட்டியில் கஞ்சி காய்ச்சி, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஊற்றினோம். சட்டியைக் கிண்டினது நான்தான், அந்தக் கரண்டியை வேறு ஒருத்தி கையில் கொடுத்ததில்லை. பெரியம்மாவின் கோழியை மட்டும் யாரும் சட்டிப் பக்கம் கொண்டுபோகவில்லை. டாக்டர் நெஞ்சு பார்த்த கோழியை யார் அறுப்பது? நேர்ந்தபடியே அது ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குப் போய், அங்கே கிழடாகிச் செத்தது. கொஞ்ச நாளில் மரக்கறிக் கடைக்காரரே மூட்டுவலி என்று வந்து, கூடையில் ஒரு கட்டு லீக்ஸை மறந்துவிட்டுப் போனார். வாடின லீக்ஸ். அவர் குணம் அவ்வளவுதான்.

பையனை ஒரு ஞாயிறும் விடாமல் கொண்டுபோனேன். அந்த மழையும் முடிந்தது, அடுத்த மழையும் முடிந்தது. இழுப்பு தேய்ந்து தேய்ந்து போய்விட்டது. வாலிபனானதும் நல்லதண்ணி அடிவாரத்திலிருந்து யாத்திரை மலை ஏறினான். நடுவில் நின்று மூச்சு வாங்கினது அவன் சிநேகிதர்கள்தான், அவன் இல்லை. இதை எழுதிக்கொண்டிருக்கிறாளே, இவளைப் பெற்றவன் அவன்தான். "அப்பா கோயின்னா சொன்னாரு?" என்று இவள் பேனாவை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

போதும், சிரித்தது. இந்தா, இந்தக் கொய்யாப்பழத்தை முதலில் கையில் பிடி. வேண்டாம் என்று சொல்லாதே, சும்மா வாசித்தால் பலிக்காது. ம், இப்போது முதலிலிருந்து வாசி, கேட்போம். எனக்கு என்ன வயது என்று போட்டிருக்கிறாய்?